வீட்டுக்கு இரண்டு காமிரா தேவையா?

தீபாவளி போனஸ் வந்தால் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆசை வரும். ஒருவர் மோட்டார் சைக்கிளுக்கு முன்பணம் கட்டுவார். ஒருவர் தங்கைக்குக் கம்மல் வாங்குவார். காமிராப் பித்துப் பிடித்தவருக்கோ ஒரே ஆசைதான்.

"இன்னொரு காமிரா!"

ஒரு காமிரா ஏற்கெனவே இருக்கிறது. அது நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனாலும் மனம் கேட்பது இல்லை.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இப்படிப்பட்ட வாலிபர்களை நிறையப் பார்க்கலாம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை ஓடத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை வந்தது. பின்னர் வல்லம் வடகாலில் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை வந்தது. இன்னும் எத்தனையோ ஆலைகள்! வேலை தேடிப் பல மாவட்டங்களில் இருந்தும் பல மாநிலங்களில் இருந்தும் இங்கே வந்து தங்கி இருக்கிறார்கள்.

வாரத்தில் ஆறு நாள் எந்திரத்தோடு எந்திரமாக நிற்கிறவருக்கு ஏழாம் நாள் ஒரு பொழுதுபோக்கு வேண்டாமா? கட்டாயம் வேண்டும். காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு காலையிலேயே கிளம்புகிறார். பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரைக்குப் போகிறார். வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்குப் போகிறார். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோவிலுக்குப் போகிறார். சீட்டு ஆடுவதை விட, குடிப்பதை விட, இது ஆயிரம் மடங்கு மேல்!

ஆகவே, காமிரா ஆசையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இரண்டாவது காமிரா வாங்கலாமா, கூடாதா? வாங்குவது என்றால் எப்படி வாங்குவது? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

பையில் ஒன்று இருக்கிறதே!

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். உங்களிடம் இப்போதே இரண்டு காமிராக்கள் இருக்கின்றன. ஒன்று தோளில் இருக்கிறது. இன்னொன்று சட்டைப் பையில் இருக்கிறது.

ஆம், செல்போன்தான்!

சுங்குவார்சத்திரம் பக்கத்து ஆலையில் உலகம் எங்கும் விற்கும் ஐபோன்களைக் கோத்துக் கொடுக்கிறார்கள். ஒரே போனில் இரண்டு, மூன்று காமிராக்கள் வைக்கிறார்கள். அந்தப் போனைக் கோக்கிற ஊரில் இருந்துகொண்டு போன் காமிராவை மறந்துவிடலாமா?

செல்போனின் முக்கியக் கண் அகலமாகப் பார்க்கும் கண். தேர், கோபுரம், ஏரிக்கரை, திருவிழாக் கூட்டம் ஆகியவற்றுக்கு அது போதும். செல்போனால் நன்றாகச் செய்ய முடியாதது இரண்டு. தொலைவில் இருக்கிற பறவையைப் பெரிதாகக் காட்டுவது ஒன்று. இருட்டில் ஓடுகிற குழந்தையைத் தெளிவாகப் பிடிப்பது இன்னொன்று.

அகலத்தைப் போனுக்கு விட்டுவிடுங்கள். தொலைவையும் இருட்டையும் காமிராவுக்குக் கொடுங்கள். பாதிச் செலவு மிச்சம்!

மூன்று காரணங்கள்

இரண்டாவது காமிரா ஏன் வேண்டும் என்று கேட்டால், மூன்று காரணங்கள் சொல்வார்கள்.

முதல் காரணம்: "லென்ஸ் மாற்ற நேரம் இல்லை. மாற்றும்போது தூசி உள்ளே போய்விடுகிறது."

இது உண்மை. வண்டலூர்-வாலாஜாபாத் சாலையில் லாரிகள் கிளப்பும் தூசியை அங்கே போனவர்கள் அறிவார்கள். ஆனால் இதற்கு வழி உண்டு. காமிராவை அணைத்துவிடுங்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். காமிராவின் வாயைக் கீழ் நோக்கிப் பிடித்துக்கொண்டு லென்சை மாற்றுங்கள். கொஞ்ச நேர வேலை. இதற்காக அரை லட்சம் செலவு செய்ய வேண்டியது இல்லை.

இரண்டாவது காரணம்: "ஒன்று பழுதானால் இன்னொன்று வேண்டுமே!"

இதுவும் உண்மை. ஆனால் ஏரிக்கரையில் காமிரா பழுதானால் என்ன நட்டம்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏரி அங்கேயேதான் இருக்கும். தாலி கட்டும் நேரத்தில் பழுதானால்தான் ஆபத்து. அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது காரணத்தை யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். "பக்கத்து அறை நண்பன் வாங்கிவிட்டான்!" இந்த நோய்க்குக் கடையில் மருந்து கிடையாது.

உடம்பா? கண்ணா?

காமிரா என்பது உடம்பு. லென்ஸ் என்பது கண்.

உடம்பு சீக்கிரம் பழசாகிவிடும். இரண்டு, மூன்று ஆண்டுகளில் புதிய மாடல் வரும். கையில் இருப்பதன் விலை இறங்கிவிடும். கண் அப்படி அல்ல. நல்ல லென்ஸ் பல ஆண்டுகள் உழைக்கும். நிக்கான் கம்பெனி 1959-ல் ஒரு வகை லென்ஸ் வாயைக் கொண்டுவந்தது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அதே வாய் உள்ள காமிராக்களை அது விற்றது. அதற்குள் எத்தனையோ காமிராக்கள் வந்து மறைந்துவிட்டன!

ஆகவே, கையில் பணம் இருந்தால் முதலில் கண்ணை வாங்குங்கள். உடம்பு காத்திருக்கட்டும்.

எந்த லென்ஸ் வாங்குவது? கடைக்காரரைக் கேட்காதீர்கள். உங்கள் படங்களைக் கேளுங்கள்.

காமிரா, தான் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் ஒரு குறிப்பை எழுதி வைக்கிறது. எத்தனை மி.மீ. லென்சில் எடுத்தது, எவ்வளவு வெளிச்சத்தில் எடுத்தது என்பன எல்லாம் அதில் இருக்கும். உங்களுக்குப் பிடித்த நூறு படங்களைப் பொறுக்குங்கள். ஒரு தாளில் அந்த எண்களைக் குறித்துக்கொண்டே வாருங்கள்.

காமிராவோடு வந்த லென்ஸ் பெரும்பாலும் 18 முதல் 55 மி.மீ. வரை இருக்கும். உங்கள் நல்ல படங்களில் பாதி 55-ல் நிற்கிறதா? அப்படியானால் இன்னும் கிட்டத்தில் போக உங்கள் கண் ஏங்குகிறது. உங்களுக்கு 55-250 அல்லது 70-300 போன்ற தூர லென்ஸ் வேண்டும்.

படங்கள் எல்லாம் இருட்டில், அறைக்குள், கோவில் மண்டபத்தில் எடுத்து மங்கி இருக்கின்றனவா? உங்களுக்கு 50 மி.மீ. எப் 1.8 லென்ஸ் வேண்டும். எப் என்பது லென்ஸ் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதைச் சொல்லும் எண். எண் சிறிதாக இருந்தால் வெளிச்சம் அதிகமாக உள்ளே போகும். காமிராவோடு வந்த லென்ஸ் 55 மி.மீ.யில் எப் 5.6 வரைதான் திறக்கும். எப் 1.8 அதைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். பத்து மடங்கு! புதுக் காமிரா விலையில் ஒரு சிறு பங்குதான் இதன் விலை.

வேடந்தாங்கலுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே ஏறத்தாழ 30 எக்டேர் ஏரியில், நவம்பர் முதல் மார்ச் வரை கூழைக்கடாவும், நத்தைக்குத்தி நாரையும், கரண்டிவாயனும் கூட்டம் கூட்டமாக இருக்கும். சுற்றி இருக்கும் ஊர்மக்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பறவைகளைக் காத்து வருகிறார்கள்.

அங்கே போவதற்காகப் பெரிய சென்சார் உள்ள விலை உயர்ந்த காமிரா வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். சென்சார் என்பது வெளிச்சத்தை வாங்கிப் படமாக மாற்றும் தகடு. பெரிய சென்சாரின் அளவு 36-க்கு 24 மி.மீ. இருட்டில் அது நன்றாக உழைக்கும், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் சிறிய சென்சார் காமிராவில் 300 மி.மீ. லென்சை மாட்டினால், பெரிய சென்சார் காமிராவில் 450 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்குப் பறவை படத்தை நிரப்பும். பகலில் பறவை பிடிக்கிறவருக்குச் சின்னக் காமிராவே சிக்கனக் காமிரா!

கிருஷ்ணனின் காமிரா

"நல்ல காமிரா இல்லாமல் நல்ல படம் எப்படி வரும்?" என்று கேட்கிறவர்களுக்கு ஒருவரை நினைவூட்ட விரும்புகிறேன்.

அவர் பெயர் மா. கிருஷ்ணன். தமிழ் நாவல் ஆசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912-ல் பிறந்தார். சென்னையில் வாழ்ந்தார். காட்டு விலங்குகளைப் பற்றி எழுதினார், வரைந்தார், படம் பிடித்தார். 1950 முதல் 1996-ல் இறக்கும் வரை ஒரே பத்திரிகையில் தொடர்ந்து எழுதினார். பத்மஸ்ரீ பட்டமும் பெற்றார்.

அவருடைய யானைப் படங்களை இன்றும் புத்தகம் போட்டுப் பார்க்கிறார்கள். எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள்.

அந்தப் படங்களை எடுத்த காமிரா எப்படிப்பட்டது தெரியுமா? உடம்பு ஒரு கம்பெனி. லென்ஸ் இன்னொரு கம்பெனி. மற்ற உறுப்புகள் வேறு கம்பெனிகள். எல்லாவற்றையும் அவரே ஒட்டுப் போட்டுப் பொருத்தி வைத்திருந்தார். அது மிகவும் கனமானது. அதற்கு அவர் வைத்த வேடிக்கைப் பெயர் "சூப்பர் பாண்டரோசா".

அவருக்குக் காட்டைத் தெரியும். யானை எப்போது தண்ணீருக்கு வரும், எந்தப் பக்கம் திரும்பும் என்பது தெரியும். ஒட்டுப் போட்ட காமிரா அவருக்கு அதனால் போதுமாக இருந்தது.

நம் தந்தையர் காலத்தையும் எண்ணிப் பாருங்கள். வதோதராவில் தயாரான ஆக்பா கிளிக் 3 காமிராவில் ஒரு பிலிம் சுருளுக்கு 12 படங்கள்தான். பன்னிரண்டையும் எண்ணி எண்ணி எடுத்தார்கள். பாட்டியின் படமும், பள்ளிக்கூடம் போன முதல் நாள் படமும் பல வீடுகளில் அப்படி வந்தவைதான்.

ஸ்டெப்னி சொல்லும் பாடம்

இவ்வளவு சொன்ன பிறகும் இரண்டாவது காமிரா வேண்டும் என்கிறீர்களா? சரி. அப்படியானால் கார் ஆலையில் வேலை செய்கிற உங்களுக்குத் தெரிந்த பாடத்தையே சொல்கிறேன்.

காரில் ஸ்டெப்னி இருக்கிறது. சில கார்களில் அது மற்ற நான்கையும் விடச் சிறியதாகக்கூட இருக்கும். பரவாயில்லை. ஆனால் போல்ட்டு ஓட்டை மட்டும் பொருந்தியே ஆக வேண்டும். ஓட்டை பொருந்தாத ஸ்டெப்னி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் நடு ரோட்டில் உதவாது.

காமிராவிலும் அதேதான். லென்ஸ் மாட்டும் வாயை "மவுண்ட்" என்பார்கள். இரண்டு காமிராவுக்கும் ஒரே மவுண்ட் இருக்க வேண்டும். அப்போதுதான் உங்கள் லென்ஸ் எல்லாம் இரண்டுக்கும் பொதுச் சொத்து. இல்லாவிட்டால் இரண்டு காமிராவுக்கு இரண்டு குடும்பம் நடத்த வேண்டி வரும்!

கம்பெனிப் பெயர் ஒன்றாக இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். கானன் 1987-ல் ஒரு மவுண்ட் கொண்டுவந்தது. 2018-ல் வேறு ஒன்று கொண்டுவந்தது. நிக்கானும் 2018-ல் புது மவுண்டுக்கு மாறியது. பழைய லென்சைப் புதுக் காமிராவில் மாட்ட நடுவில் ஒரு வளையம் வேண்டும். அதற்குத் தனிப் பணம்.

சிறிய சென்சாருக்கு என்று செய்த கானன் இ.எப்.-எஸ். லென்சைப் பெரிய சென்சார் உள்ள பழைய வகைக் கானன் காமிராவில் மாட்டவே முடியாது. நிக்கானில் டி 3000, டி 5000 வரிசைக் காமிராக்களுக்குள் லென்சைக் குவிக்கும் மோட்டார் இல்லை. பழைய லென்ஸ் சிலவற்றுக்குள்ளும் மோட்டார் இல்லை. இந்த இரண்டையும் ஜோடி சேர்த்தால், தானாகக் குவியாது. கையால் திருப்ப வேண்டும்.

வாங்கும் முன் ஒரே ஒரு சோதனை போதும். உங்கள் லென்சைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போங்கள். மாட்டிப் பாருங்கள். படம் எடுத்துப் பாருங்கள். பிறகு பணத்தை எடுங்கள்.

கை மாறிய காமிரா

இரண்டாவது காமிரா புதிதாக இருக்க வேண்டும் என்பது இல்லை. ஒருவர் வைத்திருந்து விற்கும் காமிரா பாதி விலைக்கும் கிடைக்கும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது.

ஷட்டர் எத்தனை தடவை திறந்து மூடி இருக்கிறது என்று கேளுங்கள். பல சாதாரணக் காமிராக்களின் ஷட்டர் ஒரு லட்சம் தடவை உழைக்கும் என்பது கணக்கு. கல்யாண வீடுகளில் ஓடிய காமிரா அதைத் தாண்டி இருக்கலாம்.

லென்சுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் போலத் தெரிந்தால் அது பூஞ்சை. வாங்காதீர்கள்.

லென்ஸ் துளையைச் சிறிதாக்கி, எப் 16-ல் வைத்து, வானத்தை ஒரு படம் எடுங்கள். கரும் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் அழுக்கு இருக்கிறது என்று பொருள்.

பில்லைக் கேளுங்கள். பில்லில் உள்ள எண்ணும் காமிராவில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். திருட்டுக் காமிரா உங்கள் தலையில் விழுந்துவிடக் கூடாது.

வாங்கி வந்ததைத் துணிப் பையில் போட்டுப் பரணில் வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரம் பூஞ்சையைக் கூப்பிடும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள்.

தவணை வலை

இனிச் சொல்லப் போவது கொஞ்சம் கசப்பானது.

"கையில் பணம் இல்லாவிட்டால் என்ன? மாதத் தவணை இருக்கிறதே!" என்கிறார்கள். இந்தப் பக்கத்தில் ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர்கள் ஏராளம். அடுத்த ஆண்டு அந்த வேலை இருக்கும் என்று எழுதிக் கொடுப்பார் யாரும் இல்லை.

நோக்கியா ஆலையை மறந்துவிட்டோமா? 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கியது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்தது. உலகத்தின் பெரிய செல்போன் ஆலைகளில் ஒன்று என்று பெயர் எடுத்தது. 2014 நவம்பரில் கதவை மூடிவிட்டது. அவ்வளவு பெரிய ஆலைக்கே எட்டு ஆண்டுதான் ஆயுள் என்றால், ஒப்பந்தச் சம்பளத்தை நம்பிப் பொழுதுபோக்குக்குக் கடன் வாங்கலாமா?

கூடாது என்பது என் கருத்து. வீட்டு வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம், தங்கையின் படிப்புச் செலவு எல்லாம் போக, சேர்த்து வைத்த பணத்தில் வாங்குங்கள். கடனில் வாங்கிய காமிராவைத் தூக்கும்போது தவணைத் தேதியும் கூடவே வரும். அதில் என்ன பொழுதுபோக்கு இருக்கிறது?

வேலைக்கு என்றால் வேறு

கல்யாணத்துக்குப் படம் பிடிக்கப் போகிறவர் கதை வேறு. தாலி கட்டுவது ஒரே ஒரு தடவை. அந்த நேரத்தில் காமிரா நின்றுவிட்டால், "இன்னொரு தடவை கட்டுங்கள்" என்று சொல்ல முடியுமா?

அவருக்கு இரண்டு காமிராக்கள் வேண்டும். ஒன்றில் கிட்டப் பார்வை லென்ஸ், ஒன்றில் தூரப் பார்வை லென்ஸ் மாட்டி, இரண்டையும் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும். நினைவு அட்டை இரண்டு போடக்கூடிய காமிராவாக இருந்தால் மிகவும் நல்லது. ஓர் அட்டை கெட்டாலும் இன்னொன்றில் படம் இருக்கும்.

ஆனால் ஆண்டுக்கு இரண்டு, மூன்று கல்யாணம்தான் என்றால், அதற்கும் வாங்க வேண்டாம். சென்னையில் காமிராவும் லென்சும் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. முதல் நாளே எடுத்து வந்து பழகிக்கொண்டால் போதும். வாடகை தந்தது போக வருமானம் மிஞ்சினால், அந்த மிச்சத்தில் பிறகு சொந்தமாக வாங்கலாம். தொழில் தன் காமிராவைத் தானே வாங்கிக்கொள்ளட்டும்!

இன்னொரு கை

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். அம்மா இருப்பார். மனைவி இருப்பாள். பிள்ளைகள் இருப்பார்கள். ஒருவர் மட்டும் இருக்க மாட்டார். அவர்தான் படம் பிடித்தவர்!

ஒரே ஆள் இரண்டு காமிராக்களைத் தூக்கினாலும் இந்தக் குறை தீராது. இரண்டாவது காமிராவை இன்னொருவர் கையில் கொடுத்தால்தான் தீரும்.

அது மனைவியின் கையாக இருக்கலாம். மகளின் கையாக இருக்கலாம். எலெக்ட்ரானிக் ஆலையில் வேலை செய்து, விடுதியில் தங்கி இருக்கும் தங்கையின் கையாக இருக்கலாம். போனுக்குள் போகும் சின்னஞ்சிறு உறுப்புகளைப் பிசகாமல் பொருத்துகிற விரலுக்குக் காமிராவின் பொத்தான் பெரிய காரியமா?

ஒரே திருவிழாவில் அண்ணன் தேரைப் பிடிப்பான். தங்கை, தேருக்குப் பின்னால் பொரிகடலை விற்கிற கிழவியைப் பிடிப்பாள். இரவு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஊரைப் பற்றி வீட்டுக்கே ஒரு புதுச் செய்தி கிடைக்கும். எத்தனை விலை கொடுத்தாலும் இது ஒரே ஆளின் இரண்டாவது காமிராவில் வராது.

ஆகவே, புதுக் காமிரா வாங்கியே தீருவேன் என்கிறவருக்கு என் யோசனை இதுதான். பழையதைப் பரணில் போடாதீர்கள். வந்த விலைக்கு விற்காதீர்கள். ஒரே மவுண்டில் புதியதை வாங்குங்கள். பழையதை வீட்டில் இன்னொருவருக்குக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். லென்சை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

கொடுக்க ஆள் இல்லை என்றால், இரண்டாவது காமிரா இப்போது வேண்டாம். நூறு படங்களைப் பொறுக்குங்கள்; எண்களை எழுதுங்கள்; வேண்டிய லென்சை மட்டும் வாங்குங்கள். போனசில் மிச்சம் இருந்தால் வீட்டுக்கு அனுப்புங்கள்.